மூடியும் ஓர் உருப்படி

ஐயா, உங்களிடம் ஓர் உதவி கேட்கலாமா? பெரிதாக ஒன்றுமில்லை. புதுக்கோட்டையில் இந்த பஸ் பத்து நிமிடம் நிற்கும். அப்போது நான் எழுந்து, கொஞ்சம் வழி விடுங்கள் என்று கேட்பேன். விடாதீர்கள். முழங்காலை நீட்டி வைத்துக்கொள்ளுங்கள். தூங்குவதுபோல் பாசாங்கு செய்தாலும் சரி. அவசரமாக ஒதுங்க வேண்டும் என்று நான் சொன்னாலும் நம்பாதீர்கள். அதையெல்லாம் காரைக்குடியிலேயே முடித்துவிட்டுத்தான் ஏறினேன்.

பயப்படாதீர்கள். மூளையில் ஒன்றும் கோளாறு இல்லை. காரைக்குடியில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறேன். பெயர் நாச்சியப்பன். ஐம்பத்தேழு வயது. டிக்கெட் திருச்சிக்குத்தான் எடுத்திருக்கிறேன், பாருங்கள். ஆனால் போன தடவையும் திருச்சிக்குத்தான் எடுத்தேன்.

மடியில் இருப்பதா? துண்டை விலக்கிக் காட்டுகிறேன். ஒரு மூடி. சீனத்து ஜாடியின் மூடி. வெள்ளையில் நீலம். இதோ இது மேகம். இவை இரண்டும் பறவைகள். விளிம்பைச் சுற்றி ஓடுகிறதே, அது சீன எழுத்து. பார்த்துப் பிடியுங்கள், இருநூறு வருஷத்துச் சாமான் என்று சொல்கிறார்கள். சொன்னவன் எங்கள் ஊர்ப் பழைய சாமான் கடைக்காரன். அதே மூச்சில், "மூடி மட்டும்னா பூனைக்குப் பால் ஊத்தலாம்ணே" என்றும் சொன்னான்.

ஜாடி எங்கே என்றுதானே கேட்கிறீர்கள்? எல்லோரும் கேட்கிறார்கள். திருச்சியில் இருக்கிறது. என் உடன்பிறந்தவர் வீட்டில். சாத்தப்பன் என்று பெயர். எனக்கு மூன்று வயது மூத்தவர். பதினோரு வருஷமாக எங்கள் வீட்டில் அவரைத் திருச்சிக்காரர் என்றுதான் சொல்வது. அதாவது, நான் சொல்வது. என் மனைவி உமையாள் அப்படிச் சொல்லமாட்டாள். "அந்த அண்ணன்கிற வார்த்தை வாயில வந்தா பல்லு கொட்டிருமா?" என்பாள். எனக்குப் பல் ஏற்கெனவே இரண்டு போய்விட்டது. எதற்கு வம்பு?

இல்லை, அந்தப் புளிப்பு வாசனை மூடியிலிருந்து வரவில்லை. அது வேறு. அதை விடுங்கள்.

அந்த ஜாடியை எங்கள் பாட்டையா ஒருவர் பினாங்கிலிருந்து கொண்டுவந்தார். இடுப்பு உயரம் இருக்கும். அதைச் சுற்றி ஒரே மலை. அடியில் ஓர் ஆறு. மலையில் ஒரு குடிசை. குடிசையின் கதவு திறந்திருக்கும், உள்ளே ஆள் இருக்காது. கீழே பாலத்தின்மேல் ஒரு மனிதன் குடை வைத்துக்கொண்டு நடப்பான். அவன் குடிசைக்குப் போகிறானா, குடிசையிலிருந்து வருகிறானா என்று எங்களுக்குள் தகராறு. வருகிறான் என்பது திருச்சிக்காரர் கட்சி. அப்போது அவர் திருச்சிக்காரர் இல்லை, எட்டாவது படிக்கிறவர். ஆளின் கால் மட்டும் கோணலாக இருக்கும். வரைந்தவனுக்குக் கால் வரைய வராது என்று நினைத்தோம்.

இவ்வளவு மலையும் ஆறும் வரைந்த ஜாடிக்குள் எங்கள் வீட்டில் என்ன இருந்தது தெரியுமா? உப்பு நாரத்தங்காய். மூன்று தலைமுறையாக. சுருள் சுருளாக அரிந்து, உப்பை அடைத்து, வெயிலில் காயவைத்து உள்ளே போட்டு மூடிவிடுவார்கள். எந்தச் சீன ராஜா எதற்காகச் செய்யச் சொன்னானோ, யாருக்கும் கவலையில்லை. வயிற்றுவலி வந்தால் மலையைத் திறப்போம், ஒரு துண்டு எடுப்போம், மலையை மூடுவோம்.

எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று நான்தான் கேட்டுக்கொண்டே இருப்பேன். ஆத்தாவுக்குத் தெரியாது. அப்பச்சி, அதாவது எங்கள் அப்பா, அது செய்த கம்பெனியின் விலாசம் என்று சொல்லிவிட்டார். சாத்தப்பன்தான் எனக்குச் சீனம் தெரியும் என்றார். ஜாடிக்கு முன்னால் குத்தவைத்து, ஒவ்வோர் எழுத்தாக விரலை ஓட்டிப் படிப்பார். "நாச்சி... யப்பன்... ஒரு... கழுதை." மறுநாள் அதே எழுத்து, "நாச்சியப்பன் பாயில் மூத்திரம் பெய்தவன்" என்று வரும். ஒரு நாளும் ஒரே மாதிரி படித்ததில்லை. எத்தனை நாள் எத்தனை விதமாகப் படித்தாலும் ஆரம்பம் மட்டும் என் பெயர்தான். படித்துக்கொண்டே மேலே வந்து, மூடியின் விளிம்பில் விரலைச் சுழற்றி, "முற்றும்" என்று முடிப்பார்.

சிரிக்காதீர்கள். ஒன்பது வயது வரை நான் நம்பினேன்.

திருமயம் வந்துவிட்டதா? சரி, நேரம் இருக்கிறது.

ஆத்தா போன மறு வருஷம் பாகம் பிரித்தோம். கதிரேசன் செட்டியார் என்று ஒருவர், எங்கள் பங்காளிகளில் மூத்தவர், அவர்தான் நடுவர். சாமான்களையெல்லாம் வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், பரப்பி, உருப்படி உருப்படியாக எண்ணி, இரண்டு பங்காக வைத்து, சீட்டுப் போட்டு எடுப்பது எங்களில் முறை. எது ஓர் உருப்படி என்று தீர்ப்புச் சொல்வதில்தான் நடுவரின் பெருமை. ஐந்தடுக்குத் தூக்கு ஓர் உருப்படியா, ஐந்து உருப்படியா? ஒன்று என்றார். ஆட்டுக்கல்லும் குழவியும்? ஒன்று. குழவி இல்லாமல் ஆட்டமுடியுமா என்று ஒரு விளக்கம் வேறு. காலையிலிருந்து அப்படியே போய், சாப்பாட்டு நேரத்துக்கு எல்லாம் சரிபாதியாகிவிட்டது. ஜாடி மட்டும் மிச்சம். ஒற்றைப்படையில் நிற்கிறது.

சாத்தப்பன் சொன்னார்: "ஜாடியை நாச்சியே வச்சிக்கட்டும். அவனுக்குத்தான் அதுமேல ஆசை."

நீங்களே சொல்லுங்கள். பத்துப் பேர் இருக்கிற வளவில், ஆசை என்று ஒரு வார்த்தை. குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கிற மாதிரி. எனக்குச் சுருக்கென்றது. "எனக்கு யாரும் இனாம் தர வேண்டாம், முறைப்படி பிரிக்கட்டும்" என்றேன். "எப்படியப்பா பிரிக்கிறது, உடைச்சா?" என்றார் கதிரேசன் செட்டியார். மூடியைத் தனி உருப்படியாக எண்ணலாமே என்று யாரோ சொன்னார்கள்.

யாரோ இல்லை. நான்தான் சொன்னேன்.

கதிரேசன் செட்டியாருக்குப் பசி. இலை போட்டாயிற்று, உள்ளேயிருந்து சாம்பார் வாசனை வருகிறது. குழவிக்குச் சொன்ன சட்டத்தையெல்லாம் மறந்துவிட்டு, "மூடியும் ஓர் உருப்படி" என்று அடித்துவிட்டார். சாம்பார் வந்த பக்கமே பார்த்தபடி எழுந்து, மூடியைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். சாத்தப்பன் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு சீட்டு எடுத்தோம். எனக்கு மூடி.

உடனே சாத்தப்பன் சத்தமாக ஆரம்பித்தார். "நாச்சி, ஜாடியில்லாத மூடியை வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறே? தலையில கவுத்துக்கிட்டு வெயிலுக்குப் போவியா?" வளவே சிரித்தது. கதிரேசன் செட்டியார் சிரித்துப் புரையேறினார். சமையலுக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். உமையாள், என் மனைவி, கதவு மறைவில் நின்று சிரித்தாள். வளையல் சத்தம் கேட்டது எனக்கு.

அன்றைக்குச் சாப்பிடாமல் கிளம்பியவன்தான். பதினோரு வருஷம்.

சண்டை போடுகிற ஆள் இல்லை நான். நியாயம் கேட்கிற ஆள். இரண்டும் ஒன்றுதான் என்று உமையாள் சொல்வாள். அவள் திருச்சிக்குப் போவாள், வருவாள், கல்யாணம் காதுகுத்து எல்லாவற்றுக்கும். நான் தடுத்ததில்லை. அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்டதும் இல்லை. அவளாகச் சொல்லும்போது அறையை விட்டு எழுந்து போனதும் இல்லை.

மூடியைக் கடையில் என் நாற்காலிக்கு மேலே ஆணியடித்து மாட்டினேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஈப்போவிலிருந்து, அதுவும் பினாங்குப் பக்கம்தான், ஒரு குடும்பம் கோயில் பார்க்க வந்தது. அந்த நாட்டில் நம் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் சீனப் பள்ளிக்கூடத்தில் படிப்பார்களாம். ஷர்வினி என்று பெயர், பதினாறு வயது இருக்கும். பேனா வாங்க வந்தவள் மூடியை அண்ணாந்து பார்த்து, "அங்கிள், இது பாட்டு" என்றாள். ஆணியிலிருந்து கழற்றி அவள் கையில் கொடுத்தேன். பாதி எழுத்து அவளுக்குப் புரியவில்லை. படம் எடுத்து அவள் டீச்சருக்கு அனுப்பினாள். பதில் உடனே வந்தது.

"இனி அவன் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான்."

இவ்வளவுதான். கூடவே டீச்சர் ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: இது பாட்டின் வால், தலை எங்கே? தலை திருச்சியில் இருக்கிறது என்று சொன்னேன். அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை.

எனக்குத் தலை எதற்கு? இருநூறு வருஷத்துக்கு முன்னால், கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவன் உட்கார்ந்து, என் மனதில் இருப்பதை எழுதி, சூளையில் சுட்டு, கப்பலேற்றி அனுப்பியிருக்கிறான். வந்தாலும் ஒன்றுதான். வராவிட்டாலும் ஒன்றுதான். எப்பேர்ப்பட்ட மனிதன்! பற்றில்லாதவன், மலையில் தனியாக இருந்தவன். ஒரு துறவியின் வாக்கு என்று முடிவு கட்டினேன். கெட்டி அட்டையில் என் கையாலேயே எழுதி மூடிக்குக் கீழே ஒட்டினேன். நோட்டு வாங்க வருகிற வாத்தியார்கள் இரண்டு பேர் அதை எழுதிக்கொண்டு போனார்கள். ஒருவர் பள்ளி ஆண்டுவிழாவில் பேசியும் விட்டார்.

உமையாள் படித்துப் பார்த்துவிட்டு, "சீனாக்காரனும் உங்களை மாதிரி ஒரு முசுடு போல" என்றாள்.

போன தடவை என்று சொன்னேனே, அது தேனம்மையின் கல்யாணம். திருச்சிக்காரரின் மகள். சின்னப் பிள்ளையில் என் தோளைவிட்டு இறங்கமாட்டாள். "சித்தப்பா வரலேன்னா நான் மணவறையில உட்கார மாட்டேன்" என்று போனில் சொன்னாள். இரண்டு வருஷம் ஆகிறது. இதே பஸ். இதே ஜன்னல் பக்கம். இந்த மூடியும் மடியில். கல்யாண வீட்டுக்கு எதற்கு மூடி என்று கேட்காதீர்கள். புதுக்கோட்டையில் நின்றது. இனி அவன் வந்தாலும் ஒன்றுதான் என்று மூடி சொன்னது. வராவிட்டாலும் ஒன்றுதான் என்றும் சொன்னது. இறங்கினேன். ஒரு ஹோட்டலில் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் காரைக்குடிக்குத் திரும்பிவிட்டேன். வழியில் பஸ் பழுது என்று உமையாளிடம் சொன்னேன். "பஸ்ஸா பழுது?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

தேனம்மை மணவறையில் உட்கார்ந்துவிட்டாள். உட்காரத்தானே வேண்டும். நான் எதிர்பார்த்தது என்னவென்று இப்போது யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஏன் ஐயா, முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டதே. வயிற்றைப் புரட்டுகிறதா? இந்த டிரைவர் எல்லா வளைவையும் ஒரே மாதிரிதான் திருப்புவான். ஜன்னலை நன்றாகத் திறந்துவிடுகிறேன். மூச்சை இழுத்து விடுங்கள்.

இப்போது நாளைக் காலை திருச்சிக்காரருக்குச் சாந்திக் கல்யாணம். அறுபது முடிகிறது. உமையாள் முந்தாநாளே போய்விட்டாள். போகும்போது வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே சரியில்லை என்று எனக்குப் பட்டது. போன வாரம் தேனம்மையிடமிருந்து ஒரு படம் வந்தது. ஒரு தாள். அவள் என்ன செய்திருக்கிறாள் என்றால், உமையாளிடமிருந்து அந்த ஈப்போ பிள்ளையின் நம்பரை வாங்கி, ஜாடியில் இருக்கிற எழுத்தையும் படமெடுத்து அனுப்பி, முழுப் பாட்டையும் வாங்கிவிட்டாள். சாத்தப்பன் தன் கையெழுத்திலேயே எழுதியிருந்தார். அதே கோழிக் கிறுக்கல். எனக்கு மனப்பாடம். சொல்கிறேன், கேளுங்கள்.

"மலையேறி நண்பன் வீட்டுக்கு வந்தேன்.
கதவு திறந்திருந்தது, நண்பன் இல்லை.
மூலையில் இருந்த ஜாடியைத் திறந்து
மதுவை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டேன்.
இனி அவன் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான்."

மது என்று டீச்சர் மரியாதைக்கு எழுதியிருப்பார். சாராயம்தான், வேறென்ன? துறவியாவது வாக்காவது. மூன்று வருஷமாக ஒரு குடிகாரனின் ஏப்பத்தை அட்டையில் எழுதி ஒட்டி, அதற்குக் கீழே உட்கார்ந்து வியாபாரம் பண்ணியிருக்கிறேன். ஆண்டுவிழாவில் பேசிய வாத்தியாரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. பாலத்துக்காரன் கால் ஏன் கோணல் என்றும் அன்றைக்குத்தான் புரிந்தது. வரைந்தவனுக்குக் கால் நன்றாகவே வரும். ஆள் குடித்துவிட்டு இறங்கி வருகிறான். வருகிறான் என்று சொன்ன கட்சிதான் ஜெயித்தது. அந்தக் கட்சி எப்போதும் ஜெயிக்கும்.

கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். சிரிப்புத்தான் வந்தது முதலில். அப்புறம் வரவில்லை.

உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். பாகம் பிரித்தபோது ஜாடிக்குள் நாரத்தங்காய் இருந்திருக்க வேண்டும். ஆத்தா கடைசியாகப் போட்டது. கை நடுக்கத்தோடு அரிந்து, தானே மொட்டைமாடி ஏறிக் காயவைத்து, முக்கால் ஜாடி போட்டுவிட்டுப் போனாள். அதை உருப்படியாக யார் எண்ணுவார்கள்? பிரிப்பதற்கு நாலு நாள் முன்பு, சாமான்களைத் தூசி தட்டி வைக்க நான் மட்டும் போனேன். வீட்டில் ஆள் இல்லை. ஜாடியைத் திறந்தேன். எனக்குத்தான் வயிறு அடிக்கடி கெடும், அவருக்கு இரும்பு வயிறு என்று ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். இரண்டு பிளாஸ்டிக் டப்பாவில் அள்ளினேன். அடியில் இருந்த தூளைக்கூட விடவில்லை. ஒன்றரை வருஷம் சாப்பிட்டேன். உமையாளுக்கே கணக்குப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

இனாம் வேண்டாம் என்று அன்றைக்கு வளவில் சொன்னவனும் நான்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜாடியும் மூடியபடியே என் வீட்டுக்கு வந்திருக்கும். யாரும் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள்.

சாத்தப்பன் எட்டிப் பார்த்தாரே. வெறும் ஜாடி. பிறகு என்னைப் பார்த்தாரே. பக்கத்தில் பத்துப் பேர். கதிரேசன் செட்டியார் ஓர் அடி எடுத்து வைத்தால் அவருக்கும் தெரிந்திருக்கும், உள்ளே ஒன்றுமில்லை என்று. அந்த நேரத்தில்தான் அந்த ஆள் சத்தமாகத் தலையில் கவிழ்ப்பதைப் பற்றிப் பேசினார். எல்லோரும் மூடியைப் பார்த்தார்கள், என் தலையைப் பார்த்தார்கள். ஜாடியை ஒருவரும் பார்க்கவில்லை. பதினோரு வருஷம் நான் அந்தச் சிரிப்பை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எதற்காகச் சிரிக்க வைத்தார் என்று ஒரு நாளாவது யோசித்திருக்கலாம். எதையெதையோ யோசிக்கிறவன் நான். இதை மட்டும் யோசிக்காமல் பார்த்துக்கொண்டேன் போலிருக்கிறது.

தாளில் பாட்டுக்குக் கீழே இரண்டு வரி இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். "நாச்சி, சின்ன வயசுல நான் ஒண்ணும் தப்பாப் படிக்கல. இதுல உன் பேருதான் எழுதியிருக்கு. மூடியைக் கொண்டு வா, உள்ளே ஒண்ணுமில்லாட்டியும் பல்லி விழுது."

பார்த்தீர்களா, எப்படிப்பட்ட ஆள் என்று! மன்னித்தேன் என்று எழுதியிருந்தால் நான் பாட்டுக்குக் கோபித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்திருப்பேன். பல்லி விழுகிறது என்று எழுதினால் நான் என்ன செய்வது?

என்ன ஐயா, எழுந்திருக்கிறீர்கள்? புதுக்கோட்டையா? நீங்களே புதுக்கோட்டையில்தான் இறங்குகிறீர்களா? நன்றாக இருக்கிறது! முதலிலேயே சொல்லக் கூடாதா? ஒரு பஸ் முழுக்க ஆள் இருக்கும்போது, திருமயத்தைத் தாண்டினால் இறங்குகிறவரைப் பிடித்து நான் காவல் வைத்திருக்கிறேன். சரி சரி, உங்கள் தவறு இல்லை. நான் எங்கே கேட்டேன்? இறங்குங்கள். பையை மறக்காதீர்கள்.

இன்னும் புரட்டுகிறதா? அந்த வாசனைதான் வேண்டுமா? மூக்கு நல்ல மூக்குத்தான் உங்களுக்கு. ஆமாம், நாரத்தங்காய். இரண்டு டப்பாவில் கடைசியாக நின்ற ஒரே துண்டு. சட்டைப் பையில் இருக்கிறது. கரிக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வைத்தேன். பத்து வருஷத்தில் எத்தனையோ அவசரம் வந்தது, ஏனோ எடுக்கவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். தர முடியாது. கீழே இறங்கி ஒரு சோடா குடியுங்கள், சரியாகிவிடும். இது என்னுடையது இல்லை. அண்ணனுடையது.

நீங்கள் இறங்குங்கள். கண்டக்டர் கேட்கிறார் பாருங்கள், நானும் இறங்குகிறேனா என்று. வழி திறந்துதான் இருக்கிறது. இல்லைப்பா, எனக்குத் திருச்சி.